தன்மேல் வழக்குக் கேட்டவர்

தன்மேல் வழக்குப் போடும்படி கேட்பதற்காக அமிர்தநாதர் யோகமலரின் வீட்டுக்கு மூன்று தடவை போனார்.

மன்னாரில் லொறி ஓட்டியவர். ரொறன்ரோவுக்கு வந்து ஒன்பது வருடம். மோர்னிங்சைட்டிலிருந்து யூனியன்வில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு, காலை ஆறு மணி வேலைக்கு, தன் வான் வண்டியில் ஐந்து பெண்களை ஏற்றிப்போவார். அவருக்கும் அங்கேதான் வேலை. வானில் ரேடியோ போடமாட்டார். பெண்கள் பின்னால் தூங்குவார்கள். முன்சீற்றில் சாப்பாட்டுப் பைகள் இருக்கும்.

1997 மாசியில், விடியுமுன், ஒரு சந்தியில் வலப்பக்கமிருந்து வந்த லொறி வானில் மோதியது. கதவோரம் தூங்கிக்கொண்டிருந்த யோகமலரின் இடுப்பு நொறுங்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புத்தான். வீதி முழுக்க ஐஸ். வான் சறுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

யோகமலருக்கு நாற்பது வயது. மூன்று ஒப்பரேஷன். அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. அடுத்த வருடம் இலை உதிரும் காலத்தில், இன்சூரன்ஸ் கொடுத்துவந்த சிகிச்சையும் முடிந்தது. நடை இன்னும் திரும்பவில்லை. வான் ஓட்டியவர்மேல் வழக்குப் போட்டு, பிழை அவருடையது என்று நிறுவினால் சிகிச்சை தொடரலாம், கொடுக்கப்போவது அவர் இல்லை, அவருடைய இன்சூரன்ஸ் என்றார் லோயர். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

“வழக்குத் தாளிலை அவரின்ரை பேர்தானே இருக்கும்” என்று யோகமலர் எழுந்து வந்துவிட்டாள்.

இது காதில் விழுந்த அன்றே அமிர்தநாதர் போனார்.

“போடு பிள்ளை. என்ரை பேரிலை போடு.”

“விசரே அண்ணை உங்களுக்கு? ஏத்திக்கொண்டு போன மனிசனைக் கோட்டிலை ஏத்தச் சொல்லுறியளோ?”

அவளுடைய கணவன் சிவபாதம் தேத்தண்ணியோடு வந்தான். “ஊரிலை என்ரை அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வேலிக்குப் பதினொரு வருசம் கோடு ஏறி வழக்காடினவை. வழக்குப் போடச் சொல்லிக் கெஞ்சிற எதிராளியை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

இரண்டாம் தடவையும் அவள் மறுத்தாள்.

அமிர்தநாதரின் மனைவி யூஜினிக்கு இது பிடிக்கவில்லை. “உங்களுக்கு இனி ஆர் இன்சூரன்ஸ் தருவினம்? பஸ்ஸிலைதான் வேலைக்குப் போகவேணும்.”

“போறன்.”

மூன்றாம் தடவை போனபோது மார்கழி. அவர் ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

“வான் சறுக்கேல்லை பிள்ளை. பிழை என்ரை. முன்கண்ணாடியிலை இருந்த ஐஸை வடிவாச் சுரண்டேல்லை. லொறியை நான் காணேல்லை.”

யோகமலருக்குக் கண் கலங்கியது. “எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ அண்ணை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போற மனிசன் நீங்கள்.”

அவர் போனபின் சிவபாதம் சொன்னான்: “அவர் சொன்னது பொய்யாயிருக்கட்டும். உன்ரை இடுப்புப் பொய்யில்லை. கையெழுத்தை வை.”

வைத்தாள். ஒரு நல்ல மனிதர் தனக்காகப் பாவத்தைச் சுமக்கிறார் என்ற எண்ணம் அவளை விடவில்லை.

அடுத்த கார்த்திகையில் அமிர்தநாதரை விசாரித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகுமுன் நடக்கும் விசாரணை அது, நகர நடுவில் ஒரு கட்டடத்தின் பதினாறாம் மாடியில். நீண்ட மேசை. இரண்டு பக்கத்து லோயர்கள், மொழிபெயர்ப்பாளர், சொல்வதையெல்லாம் தட்டெழுதும் ஒரு பெண். யோகமலர் தன் லோயருக்குப் பக்கத்தில், ஊன்றுகோலை மடியில் கிடத்தி இருந்தாள்.

“கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்” என்று அமிர்தநாதருக்காக இன்சூரன்ஸ் அனுப்பிய லோயர் முன்பே சொல்லியிருந்தார். அமிர்தநாதர் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

முதல் அரை மணியும் வீதியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் கேட்டார்கள். பிறகு யோகமலரின் லோயர் கேட்டார்:

“அன்று காலை முன்கண்ணாடியில் இருந்த ஐஸைச் சுரண்டினீர்களா?”

“ஓம்.”

லோயர் குறிப்புத்தாளைப் புரட்டினார். அடுத்த கேள்வி சக்கரங்களைப் பற்றியது. அதைக் கேட்க வாயெடுத்துவிட்டார்.

“முழுக்க இல்லை” என்றார் அமிர்தநாதர்.

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். புரட்டிய தாள் திரும்பி வந்தது.

“எவ்வளவு?”

அவர் கைகளால் காட்டினார். தட்டெழுதும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கைகளைத் தட்டெழுத முடியாது. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார்கள். அமிர்தநாதர் இடது உள்ளங்கையை விரல்கள் சேர்த்துத் தாளில் வைத்தார். பேனாவால் அதைச் சுற்றிக் கோடு இழுத்தார். கையை எடுத்தார்.

“இவ்வளவு.”

“மற்ற இடமெல்லாம்?”

“மூடிக்கிடந்தது. பத்து நிமிசம் பிந்தி எழும்பினன். ஓட ஓட ஹீற்றர் உருக்கும் எண்டு நினைச்சன். லொறி வந்து இடிச்சாப்பிறகுதான் அதைக் கண்டன்.”

அவருடைய லோயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளுக்கு ஓர் இலக்கம் இட்டு மேசை நடுவில் வைத்தார்கள். யோகமலர் அதையே பார்த்தபடி இருந்தாள்.

இடைவேளை விட்டார்கள். “இனி யாருடைய பிழை என்று பேச்சே இல்லை. உங்கள் சிகிச்சைக்கு வழி பிறந்துவிட்டது” என்று அவளுடைய லோயர், மொழிபெயர்ப்பாளரைக்கொண்டு மெல்லச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனாள். நடைவழியில் அமிர்தநாதர் தனியே நின்றார்.

“உது மெய்யோ அண்ணை?”

“அண்டைக்கே சொன்னன் பிள்ளை.”

“ஐஞ்சு பேரை உந்த ஓட்டைக்குள்ளாலையோ கொண்டு போனியள்?”

“ஓம்.”

“மூண்டு வருசமா உங்களைப் பாவம், பாவம் எண்டு...” அவளுக்குக் குரல் உயர்ந்தது. “நான் நித்திரை. உங்களை நம்பி நித்திரை.”

“ஓம் பிள்ளை.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தலை குனியவுமில்லை. இன்னும் திட்டினால் கேட்பதற்கு ஆயத்தமாக நின்றார். அவள் ஊன்றுகோலில் சாய்ந்தபடி மூச்சு வாங்கினாள்.

“லோயர் தாளைப் புரட்டிட்டார், அண்ணை. அதோடை முடிஞ்சிருக்கும். ஆரும் அறிஞ்சிருக்க மாட்டினம்.”

“ஓம்.”

“உள்ளை இன்னும் கேள்வி இருக்காம்.”

“இருக்கட்டும்.”

“எல்லாத்துக்கும் இப்பிடியோ சொல்லப்போறியள்?”

“வேறை எப்பிடிச் சொல்லுறது?”

அதை அவர் உண்மையாகவே கேட்டார். வேறு விதம் இருந்தால் அறிந்துகொள்ளலாம் என்பதுபோல. யோகமலர், முன்பின் கண்டிராத ஒருவரைப் பார்ப்பதுபோல, மொழிபெயர்ப்பாளர் வந்து கூப்பிடும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.