தானாக ஓடும் பிரவுசர்

கோட்டாறு கம்போளச் சந்தைக்குப் பின்னால், ஒரு கருவாட்டு மொத்தக் கடையின் மாடியில்தான் நான் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. ஏஐ ஏஜென்டுகள் ஓட்டுவதற்கென்றே நாங்கள் ஒரு பிரவுசர் செய்திருப்பதாக முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அதுவே இணையதளத்தைத் திறக்கும், படிவத்தை நிரப்பும், டிக்கெட் எடுக்கும். மனிதக் கை படவே படாது என்று வாசலில் ஃபிளெக்ஸ் வேறு கட்டியிருந்தார்.

சுத்தப் பொய். பாதி தூரம் அது தானாகத்தான் போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏதாவது ஒரு தளம் ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தைக் காட்டி டிக் செய்யச் சொன்னாலோ, சின்னச் சின்னப் படங்களைப் போட்டு இதில் பஸ் எங்கே என்று கேட்டாலோ, நின்றுவிடும். உடனே அந்தப் படங்கள் ஹாலுக்குப் பின்னால் பிளைவுட் அடித்து மறைத்த அறையில் எங்கள் திரைக்கு வரும். உள்ளே நாலு பெண்கள் உட்கார்ந்து பஸ்ஸைத் தேடிக் கிளிக் செய்வோம். பிரவுசர் மறுபடி நகரும். பார்க்கிறவர்களுக்கு மெஷின் கொஞ்சம் யோசித்த மாதிரி தெரியும். கம்ப்யூட்டரில் முதுகலை படித்துவிட்டு, ஒரு ரோபோவுக்காக நான் ரோபோ இல்லை என்று நாள் முழுக்கச் சத்தியம் செய்வதுதான் என் உத்தியோகம். கீழேயிருந்து ஏறி வரும் கருவாட்டு வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

பிரவுசரின் வெளியீட்டு நாளன்று, பணம் போடுவதற்காகச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வரும் முன்பே முதலாளி எங்கள் அறைக் கதவருகே வந்து நின்றார்.

“வெளிய யாரும் வரப்பிடாது மக்களே. பேச்சுச் சத்தமும் கேக்கப்பிடாது. ஒரு மணிக்கூர்தான்.”

“கக்கூஸுக்குப் போணும்னா?” என்று கேட்டேன். கக்கூஸ் ஹாலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. விருந்தினர்களின் நாற்காலிகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“இப்பமே போயிட்டு வந்திருங்க” என்றார், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகிறவர் மாதிரி.

என் பக்கத்து நாற்காலிக்காரி திருவட்டாறு பக்கத்துப் பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. எங்களில் அவளுக்குத்தான் கை வேகம் என்பதால் அன்றைய டெமோவை அவள் திரையோடு மட்டும் இணைத்திருந்தார் முதலாளி. வயிற்றுப்பிள்ளைக்காரியை இப்படி அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறோமே என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

விருந்தினர்கள் வந்து உட்கார்ந்ததும், முதலாளி அழைத்திருந்த போதகர் ஹாலில் ஆரம்ப ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் ஊரில் ஆரம்ப ஜெபம் என்றால் எவ்வளவு நீளம் என்பது எங்களுக்குத் தெரியும், பாவம், சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. உலக சமாதானத்தில் ஆரம்பித்து, நாட்டை ஆளுகிறவர்கள் வழியாக, முதலாளியின் தகப்பனாருடைய முட்டுவலி வரைக்கும் வந்தார். மனுஷ கரம் படாமல் இயங்கும் இந்த அற்புதக் கருவிக்காக உமக்கு ஸ்தோத்திரம் என்றார். பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அதையும் கேட்டோம்.

“ஏட்டி, எனக்கு முட்டுது” என்று அவள் என் காதில் சொன்னாள்.

“எந்திச்சுப் போ.”

“ஜெபத்துக்கு நடுவுல எப்பிடி எந்திக்க? இது முடியட்டு.”

முதலாளியின் உத்தரவை மீற அவள் எப்போதோ தயாராகிவிட்டாள். ஜெபத்தை மீறத்தான் அவளால் முடியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, போதகர் எப்போது முடிப்பார் என்று காத்திருந்தாள். மேலுதட்டில் வியர்த்திருந்தது.

ஆமென் கேட்டதும் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்து, ஹாலின் நடுவே, எல்லார் முன்னாலும் நடந்து போனாள். முதலாளி அதைக் கவனிக்கவில்லை. பெரிய திரையைப் பார்த்து, பெங்களூருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடு என்று பிரவுசருக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அது சரசரவென்று போய், படங்கள் வந்ததும் நின்றது.

அவளுடைய மௌஸை எட்டிப் பிடித்து அந்தப் படங்களைக் கிளிக் செய்வது எனக்குப் பெரிய வேலை இல்லை. செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

“நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோ” என்று ஹாலில் முதலாளி சமாளிப்பது கேட்டது. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முதலாளிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

“சீக்கிரம் போய் உக்காரு, அது நிக்குதுல்லா” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்.

வந்தவர்களில் மூத்தவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எழுந்து நேராக எங்கள் அறை வாசலுக்கு வந்தார். நாங்கள் மூன்று பேர், ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் பெரிய திரையில் தெரிந்த அதே படங்கள். மாட்டிக்கொண்டான் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. பின்னால் ஓடி வந்த முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த மனிதர் கோபப்படவில்லை. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே. இந்த மாதிரி எத்தனை பேர் வரைக்கும் சேர்க்கலாம்?” என்று கேட்டார்.

முதலாளிக்கு உயிர் திரும்பியது. “எத்தனை பேர் வேணும்னாலும் சேர்க்கலாம் சார். இந்த ஊர்ல படிச்ச பிள்ளைகளுக்கா பஞ்சம்?”

சீ என்று ஆகிவிட்டது. திருட்டு பிடிபட்ட பிறகு சரக்குக்குக் கிராக்கி கூடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அப்ப கக்கூஸ் இன்னும் ரெண்டெண்ணம் கெட்டணும் சார்” என்று அவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உள்ளே வர வழியில்லாமல் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “இருக்கது ஒண்ணுதான், வெளிய இருந்து ஆள் வந்தா எங்களுக்கு இல்ல.”

“இவ இப்பிடித்தான் சார், தமாஷா பேசுவா” என்று முதலாளி சிரித்தார். சென்னைக்காரரும் சிரித்தார். பிறகு, டெமோ இன்னும் முடியவில்லையே, போய் உட்காரம்மா என்று அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.