ஐஸ் பாருக்கு மூன்று மடங்கு விலை

அறுபதாயிரம் கடன். கம்ப்ரசரை அடகு எழுதிக் கொடுத்து வட்டிக்காரரிடம் வாங்கியது. பத்தாம் தேதி காலைக்குள் முழுசாகத் திருப்பித் தராவிட்டால் அவர் ஆள் வைத்துக் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். கம்ப்ரசர் போனால் ஐஸ் ஃபேக்டரியில் மிச்சம் என்ன? ஒரு தொட்டி உப்புத் தண்ணீரும் நாலு சுவரும்தான்.

இன்றைக்கு எனக்கு மூன்று ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது. நாலாம் வகுப்பு தாண்டாதவன், தள்ளுவண்டியில் மரத்தூள் போட்டு மூடி ஐஸ் விற்று மேலே வந்தவன். இந்தத் துறைமுகத்தில் என்னைத் தெரியாத படகு கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இங்கே எழுத வந்தது என் மச்சானைப் பற்றி. அவர் இருந்தவரை அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் காதுபட நான் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறும் என்று நினைத்தேன். யார் தலைக்கு என்று இப்போது கேட்காதீர்கள்.

என் மனைவிக்கு மூத்தவர். பதினைந்து வருஷம் விசைப்படகில் போனவர். வலை இழுக்கும் கம்பி அறுந்து முழங்காலில் அடித்ததில் கால் விந்தலாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்களிடம் வந்து தொட்டி பார்த்துக்கொண்டார். தொட்டி என்றால் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை வரிசையாக இறக்கிவைப்போம். உப்புத் தண்ணீர் உறையாது, டின்னுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும். ஒரு பார், அதாவது ஒரு டின் அளவு ஐஸ் பாளம், முழுசாக உறைய ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டு போகும். நடு நெஞ்சு கடைசியில்தான் இறுகும். மச்சான் கம்பளிக் குல்லாயோடு வந்து, ஒவ்வொரு பாரையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். "இன்னும் வயிறு காயல" என்பார். காய்ந்த பிறகுதான் எடுக்க விடுவார்.

காலையில் வந்ததும் ஃபேக்டரியின் வெளிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சாயங்காலத்துக்குள் கிடங்கில் எத்தனை பார் தண்ணீராகப் போகும் என்று சொல்லிவிடுவார். எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். பிறகு படகுத்துறை டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார். எந்தப் படகுக்காரன் புது வலைக்குக் கடன் வாங்கினான், எவன் டீசல் போடக் காசில்லாமல் அலைகிறான், எவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுக் கடலுக்குப் போகாமல் கிடக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும்.

"இதெல்லாம் ஐஸ் வியாபாரத்துக்கு எதுக்கு மச்சான்?"

"ஐஸ மீனா வந்து வாங்குது, மாப்ள? மனுஷன்தான வாங்குறான்."

அந்த வருஷம் புயல் எட்டு நாள் அடித்தது. ஒரு படகு வெளியே போகவில்லை. எட்டு நாளும் கரன்ட் பில் ஓடியது, வட்டி ஓடியது, என் ரத்தக் கொதிப்பும் ஓடியது. நாலாம் தேதி காலையில் கடல் அடங்கியது. அன்றைக்குப் பார்த்து வடக்கு முனையில் இருந்த இன்னொரு ஃபேக்டரியில் மோட்டார் எரிந்துபோனது. சரிபண்ண ஒரு வாரம் ஆகும் என்றார்கள். துறைமுகம் முழுக்க ஐஸ் என்னிடம் மட்டும்தான். கிடங்கில் இருநூறு பார் இருந்தது. ஒரு பார் நூறு. மூன்று மடங்காக ஏற்றினால்? இருநூறை முந்நூறால் பெருக்கிப் பார்த்தேன். சரியாக அறுபதாயிரம். கடவுளே கால்குலேட்டர் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கரியை எடுத்துக் கதவில் "ஒரு பார் 300" என்று எழுதினேன். கையெழுத்து கோணல், தொகை தெளிவாக இருந்தது.

தள்ளுவண்டிகளோடு வந்த படகுக்காரர்கள் படித்துவிட்டு நின்றார்கள். ஒருவனும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேர் மட்டும் ஆளுக்குப் பாதி பார் வாங்கினார்கள். மற்றவர்கள் ஏலக்காரி அக்கா வரட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். அந்த அக்காதான் பாதிப் படகுகளுக்கு முன்பணம் கொடுத்து, கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு லாரியில் அனுப்புகிறவர். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை, வார்த்தையில் கத்தி.

"ஏன் தம்பி, தண்ணிய உறைய வெக்கிறியா, வெள்ளிய உருக்கி ஊத்துறியா?"

"அக்கா, எனக்கும் கடன் இருக்கு. தேவை இருக்கிற எடத்துல வெல ஏறத்தான் செய்யும்."

"ஏறட்டும். ஏறுன எடத்துலயே ஒக்காந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். படகுக்காரர்களும் பின்னாலேயே போனார்கள்.

போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று உறுதியாக இருந்தேன். எங்கே போவார்கள்? அந்த உறுதியில்தான் பெரிய தப்பைச் செய்தேன். மச்சான் டீக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இருக்கும் சரக்கு போதாமல் போய்விடுமோ என்று தொட்டியில் பாதி உறைந்த நாற்பது பாரை ஆளை விட்டு எடுக்கச் சொன்னேன். வெளியில் பார்த்தால் கண்ணாடி மாதிரி. உள்ளே வயிறு முழுக்கத் தண்ணீர்.

மத்தியானம் ஆனது. யாரும் வரவில்லை. கிடங்குக் கதவின் அடியில் ஈரம் கோடாக வெளியே வந்தது. அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தண்ணீர் இல்லை. என் அறுபதாயிரம் சொட்டுச் சொட்டாக வாசலைத் தாண்டிப் போகிறது. சோறு இறங்கவில்லை.

மச்சான் விந்தி விந்தி வந்தார். கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தார். எடுத்து வைத்த நாற்பது பாரில் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"மாப்ள, அங்க என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? படகை எடுக்கவே வேணாம்னு பேசிக்கிறாங்க. எட்டு நாள் பட்டினி கெடந்தவன் இன்னும் ரெண்டு நாள் கெடக்க மாட்டானா? ரோஷம் மாப்ள அது. பசிய விடப் பெருசு."

"கடலுக்குப் போகாம எத்தன நாள் இருப்பானுங்க?"

"உங்க ஐஸ் எத்தன நாள் இருக்கும்?"

அவர் விடவில்லை.

"புயலுக்கப்புறம் கலங்குன தண்ணியில ஆறு நாள் மீன் கொட்டும். நான் பாத்திருக்கேன். இன்னிக்கு நூறு ரூபாய்க்குக் குடுத்தா ஆறு நாளும் படகு போகும், ஆறு நாளும் ஐஸ் ஓடும். முந்நூறுன்னா இன்னிக்கு ஒருத்தன் வாங்குவான், நாளைக்கு எவனும் இல்ல. ஐஸ் உருகும், மீன் நாறும், மனுஷன் மறக்க மாட்டான். இது மூணையும் சேத்துத்தான் வெல போடணும்."

"நூறு குடுக்க அவன்கிட்டக் காசு எங்க இருக்கு? எட்டு நாளா வருமானம் இல்லையே?"

"அதான் கடனுக்குக் குடுக்கணும்."

"கடனுக்கா! மச்சான், பத்தாம் தேதி வட்டிக்காரர் ஸ்பானரோட வருவார். உங்களுக்கென்ன, குல்லாய மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவீங்க!"

என் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். "அண்ணன் சொல்றதக் கேளுங்களேன். நீங்க பெருக்குன கணக்கு பெருகி வெளிய ஓடுது பாருங்க" என்று காலால் அந்த ஈரக் கோட்டைக் காட்டினாள்.

நான் ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் என் பெருமைக்கு நன்றாக இருக்கும். ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மச்சான் என்னைக் கேட்காமல் கரியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் கிடங்கு காலி. அந்த வயிறு காயாத நாற்பதும் சேர்ந்து போனது. தனியாக ஒதுக்கி, இது அரைகுறை என்று அக்காவிடம் சொல்லித்தான் கொடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை. எல்லாம், மீன் விற்றதும் தருகிறேன் என்ற ஏலக்காரி அக்காவின் வாய் வார்த்தை மேல்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து நாளை எப்படிச் சொல்ல? தினமும் நூறு பார் உறைந்தது, நூறு பார் போனது, கைக்கு ஒரு காசு வரவில்லை. படகு நிறைய மீன் வந்தது உண்மை. ஆனால் மீன் கரைக்கு வந்தால் போதுமா? லாரி போக வேண்டும், வெளியூரில் விற்க வேண்டும், திரும்பி வர வேண்டும். ஏழாம் தேதி மறுபடியும் மழை பிடித்தது. பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, லாரி அந்தப் பக்கம் நிற்கிறது என்றார்கள். நான் கம்ப்ரசர் அறைக்குள் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் நெஞ்சு திக்கென்னும். அதன் போல்ட்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு. கழற்ற எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். மச்சானோடு பேச்சில்லை. அவரும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள். "பயமா இருக்காண்ணேன்னு கேட்டேன். பயமில்லாமயா, கம்ப்ரசர் என் தங்கச்சி வீட்டுதாச்சேன்னு சொன்னாரு" என்றாள்.

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வட்டிக்காரர் இரண்டு ஆட்களோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஆட்கள் கையில் ஸ்பானர்.

"என்ன ஐஸ்காரரே, பணமா, மெஷினா?"

"அண்ணே, ஒரு மணி நேரம்..."

"ஒரு மணி நேரத்துல ஐஸ்தான் உருகும். பணம் உறையாது."

ஒன்பதரை மணிக்கு அக்கா வந்தார். சேலையெல்லாம் சேறு. மடியிலிருந்து துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எழுநூறு பார். அதுல நாப்பது வயிறு காயாதது, பாதி வெலதான் குடுப்பேன். ஒரு லாரிதான் பாலம் தாண்டி வந்திருக்கு. இருக்கிறது நாப்பத்தோராயிரம். மிச்சம் அடுத்த லாரி வந்ததும்."

நாற்பத்தோராயிரம். கணக்கு எனக்கு நொடியில் வந்துவிட்டது: பத்தொன்பதாயிரம் குறைவு. வட்டிக்காரர் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒருவன் கம்ப்ரசர் அறைக்குள் நுழைந்தான்.

மச்சான் அறை வாசலில் குறுக்கே நின்றார். கையை விரிக்கவில்லை, சத்தம் போடவில்லை.

"ஐயா, தூக்கிட்டுப் போங்க. போயி என்ன பண்ணுவீங்க? பழைய இரும்புக் கடையில பதினஞ்சுக்கு மேல எவனும் கேக்க மாட்டான். ஓடுற எடத்துலதான் அது மெஷின், வீதியில வெச்சா இரும்பு. நீங்க வட்டிக்கு விட்டது மெஷின் மேலயா? இந்த மனுஷன் மேலதான? ஒருத்தன நிக்க விட்டா அவன் குடுப்பான். படுக்க வெச்சா யாரு குடுப்பா?"

வட்டிக்காரர் சிரித்தார். "உன் மச்சான் வாய வட்டிக்கு விட்டா நான் பிழைச்சேன்" என்றார். உடனே சிரிப்பு நின்றுபோனது. ஜன்னல் வழியாகப் படகுத்துறையைப் பார்த்தார். அங்கே தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன, அன்றைய ஐஸுக்கு. எத்தனை வண்டி என்று அவர் உதடு அசைய எண்ணியதை நான் பார்த்தேன்.

என் மருமகன் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறான். பலகையில் இரண்டு கோடு குறுக்கே போட்டு, வெட்டும் இடம்தான் விலை என்று சொல்வானாம். இருக்கலாம். ஆனால் அந்தக் கோடு எந்தக் கடலிலிருந்து கிளம்புகிறது, எவன் ரோஷத்தில் வளைகிறது என்று மச்சான் அளவுக்கு அவனுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். எனக்கே தெரியாமல்தானே கதவில் கரியால் எழுதினேன்.

"மிச்சம் பத்தொன்பதும் இருபதாம் தேதிக்குள்ள" என்றார் வட்டிக்காரர், என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்து.

"வந்துரும்" என்றார் மச்சான்.

அக்கா பையை என் பக்கம் தள்ளினார். நான் மச்சான் பக்கம் தள்ளினேன். வேறு என்ன செய்ய? அவர் விரல்கள் ஐஸில் மரத்துப் போனவை, நோட்டு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பிரித்துத்தான் எடுத்தார். வட்டிக்காரர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஈர நோட்டு, மீன் வாசனை. மச்சான் வாய்விட்டு எண்ணி, ஒன்றன் மேல் ஒன்றாக அந்தக் கையில் வைத்துக்கொண்டே போனார், நாற்பத்தோராயிரம் வரைக்கும்.