ஆரணியின் கை ஓடிய பாதை

அம்மாளாச்சியின் அடியார்களே, சென்ற வருடம் மாசி மாதம் என் மகள் ஆரணி பனிச்சறுக்குப் பந்தயப் பயிற்சியில் விழுந்தாள். கொலிங்வூட் பக்கத்து மலையில், காலை வேளையில். ஹெல்மெட் பிளந்துபோனது. ஹெலிகொப்டரில் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவளுக்காக மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வயது இருபத்தொன்று.

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதன்முதல் ஸ்கீயைக் காலில் மாட்டியவள், பிறகு கழற்றவேயில்லை. மாகாண அணி, அதன்பிறகு கனடா இளையோர் அணி. சனம் என்னைப் பேசாத பேச்சில்லை. "பொம்பிளைப் பிள்ளையை மலையால உருட்டி விடுறியள்" என்றார்கள். "உங்கடை பிள்ளையளை நீங்கள் பாருங்கோ" என்று வாயை அடைத்துவிடுவேன்.

அவள் விழுந்த மூன்றாவது வாரம் டொக்டர்கள் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மூளை விழித்துக்கொள்ளும் அறிகுறி ஒன்றுமில்லை, மெஷினை நிறுத்துவது பற்றி யோசியுங்கள் என்றார்கள். என் கணவர் தலையைக் குனிந்தபடி, "இஞ்சை பாரும், பிள்ளையை இனியும் வதைக்க வேண்டாமப்பா" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுந்து ஆரணியிடம் போய்விட்டேன்.

தலைக் கட்டுக்குக் கீழே, நெற்றியில் திருநீறு பூசினேன். அழுது கும்பிடவில்லை. சண்டைதான் பிடித்தேன். "அம்மாளாச்சி, உனக்குக் கண் இல்லையோ? இவள் உள்ளுக்குள்ளை இருக்கிறாளோ இல்லையோ, அதையெண்டாலும் எனக்குக் காட்டு. இல்லையெண்டால் விடுறன்."

ஆரணியின் வலது கை அசைந்தது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை கீழே பார்க்க, இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். தாதி பார்த்துவிட்டு, நரம்பு தன்பாட்டில் துடிக்கிறது என்றாள். எனக்கு அந்த அசைவு தெரியும். பந்தயக்காரர்கள் மலையுச்சியில் கண்ணை மூடி நின்று, இறங்கப்போகும் பாதையைக் கையாலேயே ஒருமுறை ஓடிப் பார்ப்பார்கள். ஆரணி அதைச் சாப்பாட்டு மேசையிலும் செய்வாள். "உது துடிப்பில்லை! பிள்ளை ஓடுறாள்!" என்று கத்தினேன்.

அவளுடைய பயிற்சியாளரை உடனே வரச்சொன்னேன். வெள்ளைக்காரர், பேச்சுக் குறைந்த மனிதர். அவள் விழுந்த அன்று, பாதையில் திரும்ப வேண்டிய இடங்களைக் காட்டும் கம்புகளை நட்டவர் அவர்தான். கட்டிலருகே நின்று அவளுடைய கையையே பார்த்தார். அது மறுபடி அசையத் தொடங்கியபோது தன் கையையும் தூக்கினார். இரண்டு கைகளும் ஒன்றாகத் திரும்பின. ஓரிடத்தில் அவருடைய கை நின்றுவிட்டது. அவள் விழுந்த இடம் அதுதான். ஆரணியின் கை நிற்கவில்லை. அந்தத் திருப்பத்தைக் கடந்து அடிவாரம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் சுவரில் சாய்ந்து விம்மினார்.

டொக்டர்கள் மறுபடி சோதித்தார்கள். மெஷினை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. சித்திரையில் கண் திறந்தாள்.

பொய் சொல்ல மாட்டேன். பழைய ஆரணி திரும்பி வரவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாள். வார்த்தை சட்டென்று வராது. இனிப் பந்தயமும் இல்லை. போன மாதம் அவளுடைய பழைய பந்தய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "அம்மா, ஆர் இது?" என்று கேட்டாள். அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு வந்து, "நீதான் பிள்ளை" என்றேன். நம்பாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மாளாச்சி எனக்குத் தந்தது. அதற்கே நான் அவளுக்குக் கடமைப்பட்டவள்.

இப்போது நம் கோயில் குடும்பங்களில் யாராவது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தால் நான் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன், அம்மாளாச்சியை நம்பி வாய் திறந்து கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவள் கோவிக்க மாட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அன்று நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், என் பிள்ளை ஒருவரும் பார்க்காமலே ஓடி முடித்திருப்பாள்.