மோல்டில் விழுந்த பாட

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றை ஃபைபர் படகுப் பட்டறை ஆக்கியிருந்தார்கள். எண்பதுகளில் அங்கே மோல்டுக்கு மெழுகு தேய்ப்பது என் வேலை. மோல்டு என்றால் படகின் அச்சு, பெரிய தொட்டி மாதிரி இருக்கும். அதன் உட்புறம் கண்ணாடியாக இருந்தால்தான் ரெசின் என்ற பிசினைப் பூசி எடுக்கும் வள்ளமும், அதாவது படகும், பளபளக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மோல்டு மங்க ஆரம்பித்தது. பாலில் ஆடை படிந்தது போல ஒரு வெண்மை. அங்கே மலையாளத்தில் அதற்குப் 'பாட' என்று பேர். எங்கள் வீட்டுத் தமிழில் பாடை என்றால் பிணம் தூக்குவது. இருந்த எரிச்சலில் எனக்கு அதுவே பொருத்தமாகப் பட்டது. எடுத்த வள்ளத்திலும் அதே மங்கல். கும்பளங்கியிலிருந்து வாங்க வந்தவர் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்.

மேஸ்திரி எங்கள் தமிழ்க்காரர்தான். முதலாளியை வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்களும் கேட்க, என்னிடம் கேட்டார்: "தூரமா இருக்கும்போ மோல்டைத் தொட்டியா?"

அந்த நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கொண்டுவந்து ஃபைபருக்கு வைத்தார் மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனக்கு மாசாமாசம்தான் வருது. போன வருஷம் வராமலா இருந்துச்சு? அப்ப மட்டும் எப்படிப் பளபளத்துச்சு?" என்றேன்.

ஒருவன் சிரித்தான். முதலாளி கூரையைப் பார்த்தார். அடுத்த வள்ளமும் மங்கினால் நான் வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவாயிற்று.

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு மோல்டுக்குள் இறங்கிப் பார்த்தேன். நாள் முழுக்க என் கை ஊன்றிக் கிடக்கும் விளிம்பு கண்ணாடியாக இருந்தது. ரெசின் அங்கே எட்டுவதில்லை. ரெசின் தடிப்பாக விழும் அடிப்பாகத்தில்தான் மங்கலும் தடிப்பு. நகத்தால் சுரண்டினால் பிசுக்காகச் சுருண்டு வந்தது. ஒவ்வொரு வள்ளமும் விட்டுப்போன ரெசின் அழுக்கு. அதைக் கழுவ விடாமல், "மேல மெழுகு போடு, இன்னும் போடு" என்று என்னை விரட்டியது யார்? இதே மேஸ்திரிதான்.

ரெசினில் கலக்கும் ஸ்டைரீனைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது. அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது. பிறகு காம்பவுண்டு என்கிற மெருகுப் பசையைப் போட்டுத் தேய்த்து மெருகேற்றி, மெழுகை மெல்லிசாகப் பூசினேன். ஒரு பூச்சு உலர்ந்த பிறகுதான் அடுத்தது. மேஸ்திரி வாசலில் சாயா குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளம் கழன்று வந்தது. ஜன்னல் அதில் அப்படியே தெரிந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "நீ வேலையில இரு" என்றார்.

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். வள்ளத்தின் முதுகைத் தடவிக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்: "கண்டீங்களா? சுத்தமா இருந்து செஞ்சா எப்படி வருதுன்னு!"

"இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள், மேஸ்திரி. நேத்து மெழுகு போட்டதும் நான்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் வள்ளத்திலிருந்து கையைச் சட்டென்று எடுத்து, முண்டில் துடைத்துக்கொண்டார்.