பெயர் பொறிக்கச் சொன்னேன், பள்ளியை இடித்தார்கள்

கச்சிராயபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆசிரியர். எங்கள் பழைய கட்டடத்தில் சித்திரை வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் பிள்ளைகள் உட்காரலாம். ஆனால் வாசல் கல்லில் திறந்துவைத்தவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கட்டடத்தின் வரைபடத்தை வரைந்தவர் யாரென்று ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் கள்ளக்குறிச்சியில் அவருடைய மகளைக் கண்டுபிடித்தேன்.

“எங்கப்பா வரைஞ்சதுதாங்க. அவரு பேர யாரும் கேட்டதே இல்ல” என்றார் அந்த அம்மா.

அந்தப் பெயரையும் கல்லில் பொறிக்கச் சொல்லி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பெருமையாக இருக்கட்டுமே என்று கட்டடத்தின் வயதையும் எழுதித் தொலைத்தேன். பார்வையிட வந்த பொறியாளர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா சார், எழுவது வருசம்னு நீங்களே எழுதிக் குடுத்துக்கினு... நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?” என்றார்.

கோடை விடுமுறையில் இடித்தார்கள். சுவர் லேசில் விழவில்லை. பொக்லைன் திணறியதை நின்று பார்த்தேன். அன்று சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார்.

“அப்பா பேர எழுதிட்டாங்களா சார்? எப்ப வந்து பாக்கலாம்?”

புதுக் கட்டடத்துக் கல்லில் இடம் போதாத அளவுக்குப் பெயர்கள். வரைந்தவர் பெயர் அதிலும் இல்லை.

இப்போதும் பழைய பள்ளிகளைத் தேடிப் போகிறேன், வரைந்தவரை விசாரிக்கிறேன். கட்டடத்துக்கு எத்தனை வயது என்று யாராவது கேட்டால் மட்டும், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.