வடக்கே தலை வைக்காத வார்டு

ஐம்பதுகளில் நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஆபரேஷன் முடிந்த கடம்பத்தூர் முனியம்மா, தூக்க மருந்து கொடுத்தும் கண் மூடவில்லை. புண்ணும் ஆறவில்லை.

"இன்னாம்மா, வலிக்குதா?" என்றேன்.

"வலி இல்ல நர்சம்மா. வடக்கால தலை வெச்சிப் படுக்கப் போட்டுகீறீங்க. கண்ண மூடினா தொறக்காதுன்னு பயமாகீது."

நானும் ஆயாவும் தலைமாடு தெற்கே வரும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். போர்வையை இழுத்துவிடுவதற்குள் குறட்டை வந்தது. "எனக்கும்மா, எனக்கும்" என்று வார்டே கேட்க, எல்லாக் கட்டில்களையும் திருப்பினோம்.

சாயங்காலம் வந்த பெரிய டாக்டர், "யார் வேலை இது?" என்று இரைந்தார்.

"என் வேலைதான் சார்."

தூங்கும் முனியம்மாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, பூட்ஸ் சத்தம் கேட்காமல் நடந்தார்.

எத்தனையோ ஊசி போட்ட கை இது. ஆனாலும் கட்டில் இழுத்த கை என்று சொல்லிக்கொள்வதில்தான் எனக்குப் பெருமை.