காலித் தட்டுக்கு நாலு மார்க்

சாவிக்காரருக்கு நாக்கு நீளம். வம்புச் சண்டைக்குப் போகிற நாக்கு இல்லை, ருசி தேடுகிற நாக்கு. ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவர் கடை. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், நடுவில் சாவி வெட்டுகிற மெஷின், மெஷினைச் சுற்றிப் பித்தளைத் தூள். அந்தத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் எவ்வளவு ஏறினாலும், பன்னை ஒரு கடி கடித்தால் போதும், அது இன்றைக்குச் சுட்டதா நேற்றுச் சுட்டதா என்று சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, சரியாகத்தான் சொல்வார்.

அந்த நாக்கை நம்பி ஒரு கூட்டமே இருந்தது. கூட்டம் என்றால் நாலே பேர். சாவிக்காரர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இப்போது வீடுகளுக்குச் சுவர்ப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்டர் ஒருவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒருவர், அவரை எல்லோரும் கண்ணாடி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நாலாவது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நாலு பேரும் ஏதாவது ஒரு ஹோட்டலில் ஆஜர். ஆளுக்கு ஒரு பர்கர். சாப்பிட்டதும் கைகளை மேஜைக்கு அடியில் கொண்டுபோவார்கள். டீச்சர் "கியர் போடு" என்பார். நாலு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி விரல் காட்டுவார்கள். எத்தனை விரலோ அத்தனை மார்க். பத்து விரலையும் விரித்தவர் இதுவரை யாருமில்லை.

சட்டம் போட்டது சாவிக்காரர்தான். ஒருமுறை கண்ணாடி ஒரு ஹோட்டலில் தட்டை வழித்து நக்கிவிட்டு மூன்று விரலைக் காட்டினார். ஹோட்டல்காரர் பார்த்துவிட்டு, பிடிக்காததை எதற்கு அய்யா முழுசாகத் தின்றீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவமானமாகப் போயிற்று. அன்றைக்கே சாவிக்காரர் சட்டம் கொண்டுவந்தார். அஞ்சுக்குக் கீழே மார்க் போடுகிறவன் தட்டில் மீதி வைத்திருக்க வேண்டும். என்ன குறை என்றும் வாய் திறந்து சொல்ல வேண்டும். தட்டு ஒன்று சொல்ல, விரல் ஒன்று சொல்லக் கூடாது.

சாப்பிட்டு முடித்து வீடு திரும்பும்போது சாவிக்காரரும் பெயிண்டரும் ஒரே வழி. தெரு முனை வரும்வரை சாவிக்காரர் தன் பர்கரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். அப்படி ஒரு பர்கர் உலகத்தில் எங்கும் கிடையாது, அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. பன்னின் உள்பக்கத்தை வெண்ணெயில் வாட்ட வேண்டும். வெங்காயத்தைச் சின்னத் தீயில் தேன் நிறம் வரும்வரை விட வேண்டும், அவசரப்படக் கூடாது. ஊறவைத்த வெள்ளரிக்காய் கறிக்கு அடியில் போக வேண்டும், மேலே இல்லை. நான் மட்டும் ஒரு கடை போட்டேன் என்றால், என்று ஆரம்பிப்பார். பெயிண்டர் "ம்" கொட்டிக்கொண்டே வருவார். வருஷக்கணக்காக இந்தக் கதைதான். சாவிக்காரரின் மனைவி ஒருநாள், "அடுப்புப் பக்கம் வந்து ஒரு முட்டையாவது உடைச்சிருக்கீங்களா?" என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்படி இருக்கையில் பெயிண்டருக்கு இருமல் வந்தது. பெயிண்ட் வாடையே இனி ஆகாது, வேறு பிழைப்பைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார். பெயிண்டர் ஒரு கடையைப் பிடித்தார். தானே சுண்ணாம்பு சுரண்டி, தானே வெள்ளையடித்து, பர்கர் கடை போட்டுவிட்டார். அதுவும் எங்கே? சாவிக்காரரின் கடைக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் வாசல். பூட்டுக்குச் சாவி வெட்டிக் கொடுத்ததும் சாவிக்காரர்தான். மெஷினில் சாவியைச் செருகி அழுத்தும்போது அது கிறீச்சிட்டது அவர் வயிற்றுக்குள்ளேயே கிறீச்சிட்டதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். நல்லா வரணும்டா என்றும் சொன்னார்.

பொறாமை என்றால் கொஞ்சநஞ்சமில்லை. கடை திறந்த நாளிலிருந்து எதிரே கூட்டம். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, எல்லோரும் அந்த வாசலில் நிற்கிறார்கள். இவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்தபடி அதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினார். அவனுக்கு வந்த வாழ்வைப் பார். பெயிண்ட் டப்பா தூக்கினவன் முதலாளி, நான் இன்னும் தலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த இருமல் எனக்கு வந்திருக்கக் கூடாதா? இருமலுக்குக்கூடப் பொறாமைப்பட்ட மனுஷனை வேறெங்கும் பார்க்க முடியாது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி எதிர்க்கடையைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் போதும், கை கழுவ எழுந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் பெயிண்டரின் கடையில்தான் கூடியது. அதைவிட்டு வேறெங்கே போவது? பெயிண்டரே மேஜையைத் துடைத்து, மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். புது மேலங்கி, பழக்கதோஷத்தில் தோளில் ஒரு துணி. பெரிய பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

சாவிக்காரர் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தார். நாலு. அதற்கு மேல் ஒரு விரல் தூக்க மாட்டேன் என்று வாசல் ஏறும்போதே முடிவு. ஆனால் முதல் கடி கடித்ததும் அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. பன்னின் உள்பக்கம் வெண்ணெயில் மொறுமொறு. வெங்காயம் தேன் நிறம். வெள்ளரிக்காய் கறிக்கு அடியில். இத்தனை வருஷமாக வாயில் வைத்துப் பேசினது, இப்போது வாயிலேயே இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மென்றார். விரலில் வழிந்த சாஸை நக்கினார். தட்டில் ஒட்டியிருந்ததைப் பன் துண்டால் துடைத்து அதையும் போட்டுக்கொண்டார். ஒரு துணுக்கு மிச்சமில்லை.

அப்புறம்தான் வயிறு எரிந்தது. என்னுடையது. என் பர்கர். என் வாயிலிருந்து திருடிக்கொண்டுபோய் எனக்கே பரிமாறுகிறான். ஒரு வார்த்தை கேட்டானா?

"கியர் போடு," என்றார் டீச்சர்.

டீச்சர் ஒன்பது. கண்ணாடி ஒன்பது. சாவிக்காரர் நாலு.

பெயிண்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடி, மார்க்கைக் கூட்டிப் பார்க்கிறதில் மும்முரமாக இருந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கொடுக்கிறவர் எதிரே இருந்த தட்டைப் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தார். வழித்துத் துடைத்த தட்டையும் நாலு விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். சட்டம் போட்டவரே சட்டத்தை மறந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னடா குறை?" என்று பெயிண்டர் கேட்டார். கோபமே இல்லை குரலில்.

"வெங்காயம் இனிக்குது. மத்த ருசி எல்லாத்தையும் அமுக்குது. பச்சையா நறுக்கிப் போடு."

சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. சொல்லியாயிற்று. பெயிண்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அந்தக் கடையில் வெங்காயம் பச்சை. சாவிக்காரருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு, சொல்லவே கூசுகிறது, மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. வெகுநாள் கழித்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதிரே வாசலில் கூட்டம் மெல்லக் கரைந்தது. காலேஜ் பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரி வருவதில்லை. பெயிண்டர் வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிற நேரம் அதிகமாயிற்று. இந்தப் பக்கம் திரும்பினால் கையை உயர்த்திச் சிரிப்பார். சாவிக்காரர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

ஆனால் பொறாமைக்குத் தீனி போட்டாலும் அது அடங்குகிற ஜாதி இல்லை. எதிர்க்கடையில் கூட்டம் குறையக் குறைய இவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டிச் சாவி வெட்டிக்கொள்ள வந்த ஒரு ஆள், "எதிர்க்கடையில முதல்ல ஒரு பர்கர் போட்டாங்க பாருங்க, அந்த வெங்காயம் இருக்கே, அப்படி ஒண்ணு நான் சாப்பிட்டதே இல்ல. இப்போ கெடுத்துட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். தன் பர்கரை ஒரு ஊர் பேர் தெரியாத ஆள் புகழ்கிறான், அதைக் கெடுத்தது தான்தான் என்று இவருக்கு உறைத்தது. அன்றைக்கு வெட்டின சாவி ஒன்றுகூடப் பூட்டில் திரும்பவில்லை. எல்லாம் திரும்பி வந்தன.

டீச்சர் ஒருநாள் காரின் மாற்றுச் சாவிக்கு வந்தார். மெஷின் நின்றதும் சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு உங்க தட்டு காலியா இருந்துச்சு."

சாவிக்காரர் சாவியை ஊதிக்கொண்டே இருந்தார். தூள் எப்போதோ போய்விட்டது.

"நான் சொல்லக் கூடாதுன்னு இல்ல. நீங்க ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரோட்டைத் தாண்டினார். மத்தியான நேரம், கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பெயிண்டருக்கு அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கேட்பதற்கு முன்பே ஒரு பர்கரைப் போட்டுக் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்து, வாயையே பார்த்தார். இப்போது சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும் அவருக்கு.

சாவிக்காரர் கடித்தார். பச்சை வெங்காயம் நாக்கில் சுரீரென்று ஏறியது. வெண்ணெயும் போச்சு, வெள்ளரிக்காயும் போச்சு, வெறும் காரம். இரண்டாவது கடி இறங்கவில்லை. பர்கரைத் தட்டில் வைத்துத் தள்ளினார்.

"அன்னைக்கு என் தட்டை நீ பாக்கலையாடா?"

"பாத்தேனே."

"காலியா இருந்துச்சு."

"ஆமா," என்று பெயிண்டர் சிரித்தார். "உனக்குப் பிடிக்கல, ஆனாலும் நான் வருத்தப்படக் கூடாதுன்னு கஷ்டப்பட்டு முழுசா சாப்பிட்ட. எனக்குத் தெரியாதா? அவங்க ரெண்டு பேரும் பாசத்துல ஒன்பது போட்டாங்க. நீ ஒருத்தன்தான் உண்மையைச் சொன்ன. உன் நாக்கை நம்பித்தானே நான் கடையே போட்டேன்."

சாவிக்காரருக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கன்னத்தில் ரெண்டு அறை வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். திருடிவிட்டான் என்று இத்தனை நாள் யாரைக் கறுவினாரோ, அவன் இவர் பேச்சைத் திருடவில்லை, வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"பிடிச்சுதுடா," என்றார். "அவ்வளவு பிடிச்சுது. அதான் வழிச்சுத் துடைச்சேன். நாலு போட்டது பொறாமையில. வெங்காயத்தைச் சொன்னதும் பொறாமையில. உன் கடை நல்லா ஓடுறதை என்னால பாக்க முடியல."

பெயிண்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரமாயிற்று. அவர் காலி நாற்காலிகளை ஒருதரம் பார்த்தார். எழுந்து, மேஜையிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திட்டுவார் என்று சாவிக்காரர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. உள்ளே வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. வாணலி ஏறியது. சின்னத் தீ. வாசனை மெல்ல மெல்ல மாறி, தேன் நிறத்துக்கு வந்துவிட்டது என்று சாவிக்காரரின் மூக்குக்கே தெரிகிறவரை பெயிண்டர் அவசரப்படவில்லை, திரும்பவும் இல்லை.

பிறகு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை எதிரே உட்காரவில்லை.

"சாப்பிட்டுப் போ," என்றார். "மார்க் வேண்டாம்."

சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய், முதுகைக் காட்டியபடி வாணலியைச் சுரண்ட ஆரம்பித்தார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சுரண்டினார்.

சாவிக்காரர் சாப்பிட்டார். அந்தப் பாழாய்ப்போன நாக்குக்கு அப்போதும் எல்லா ருசியும் தெரிந்தது. தட்டைத் துடைத்து முடித்தார். கைகளை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். கியர் போடு என்று சொல்ல அங்கே யாருமில்லை. அவராகவே இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரலையும் விரித்தார்.

பெயிண்டர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவிக்காரர் கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.